ஐ.சி.யைக் காட்டு

ஆலை வாசலில் புது ஜாகா
என் ஐ.சி.யை வாங்கினார்.
படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி படத்தைப் பார்த்தார்.
"இது நீங்க இல்லையே."

ஒன்பது வருடமாக இங்கே
எடைமேடைக் கிராணி நான்.
செம்பனைக் குலை ஏற்றிய எந்த லாரியும்
என் சீட்டில்லாமல் உள்ளே போனதில்லை.
ஆனால் அவர் சொன்னதிலும் பொய்யில்லை.
படத்திலிருக்கும் நளாயினிக்குத் தாடையெலும்பு உண்டு.
எனக்கிருப்பது
பிரெட்னிசலோன் ஊதிய பலூன்.

இதே கேள்வியை
உள்ளே ஒருவன்
மூன்று வருடமாகக் கேட்கிறான் என்று
எப்படிச் சொல்ல?
விரல் மூட்டைப் பிடித்து: யார் நீ.
சிறுநீரகத்தைப் பிடித்து: எந்த ஊர்.
மூக்கின் இருபுறமும் கன்னம் சிவக்க அறைந்து:
காட்டு, ஐ.சி.யை.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹஸ்லினா
அட்டையின் பின்புறம் படம் போட்டார்.
ஒரு வீடு, ஒரு நாய்.
சில வீட்டில் நாய் கண்ணே திறக்காது,
திருடன் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டுப் போவான்.
சில வீட்டில் இலை விழுந்தாலும் ஊரைக் கூட்டும்,
நண்டு தின்றால் உன் தம்பிக்கு உதடு வீங்குமே, அது.
உன் வீட்டு நாய், என்றவர்
பேனாவை மூடிவிட்டார்.
மீதியை
பஸ்ஸில், செம்மோர் தாண்டும்போது
நானே வரைந்துகொண்டேன்.

லூப்பஸ் என்றால் ஓநாயாம்.
நாய்தான், கொஞ்சம் காட்டுக்குப் போய் வந்தது.

எண் கூப்பிடும்வரை
பக்கத்து நாற்காலி மக்சிக் பேசிக்கொண்டிருப்பார்.
அவர் கண்ணில் நீரே ஊறாது.
மகள் நிக்காவன்று
சொட்டு மருந்து விட்டுத்தான் அழுதாராம்.
முழங்கையை மறைத்தபடி ஒரு லாரிக்காரர்,
செதில் உதிர்ந்த இடத்தைச் செருப்பால் தள்ளிவிட்டு
யாரையும் பார்க்காமல் உட்காருவார்.
பள்ளிச் சீருடைப் பையன் ஒருவன்
சட்டையைத் தூக்கி இன்சுலின் குத்திக்கொண்டு
கைப்பேசியில் விட்ட ஆட்டத்தைத் தொடர்வான்.
வேறு வேறு அறை, வேறு வேறு பெயர்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரே குரைப்பு.

ஊரிலோ ஆளுக்கொரு வைத்தியம்.
அண்ணி தனபாக்கியம் எலுமிச்சை சுற்றிப் போட்டாள்.
கடைத்தெருவில் புட்டி விற்கும் கன்னியம்மா
வழியை மறித்தாள்:
"எதிர்ப்பு சக்தி ஏறும்க்கா, நூத்தி எண்பது வெள்ளிதான்."
ஏறியதால்தானே, அம்மா,
நான் இப்படி நிற்கிறேன்.

காலை, மாலை விழுங்கும் மாத்திரை
மலேரியா மருந்துக்குச் சொந்தமாம்.
பெரட்டில் வரிசையாய் நிறுத்தி
வாயைத் திற என்று கொய்னா ஊற்றிய தோட்டம் இது.
கொசு போய்விட்டது, வெள்ளைக்கார துரை போய்விட்டார்,
கசப்பு மட்டும்
முகவரி மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

"சரி, கையெழுத்துப் போடுங்க," என்றார் ஜாகா.
விடிந்து இரண்டு மணி நேரம்
என் விரல்கள் என் பேச்சைக் கேட்காது.
போட்டேன்.
அதுவும் நானில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
எனக்கு ஆகாத வெயில்.
குடைக்குள் குறுகி நின்றேன்.
பின்னால் லாரிகள், ஹாரன்,
பழுத்த குலைகளின் எண்ணெய் நாற்றம்.

அப்போது சவரிமுத்து
லாரி சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார்:
"யோவ், அது நம்ம கிராணிய்யா! விடுய்யா உள்ள!"

தடுப்புக்கட்டை எழுந்தது.
ஜாகா தலையைச் சொறிந்தபடி
ஐ.சி.யைத் திருப்பித் தந்தார்.
அவர்மேல் எனக்குக் கோபமில்லை,
காவல் என்றால் சந்தேகம்தான்.

எனக்குள்ளும் ஒரு சவரிமுத்து வேண்டும்.
ரத்தத்தின் நெரிசலில் எங்கிருந்தாவது
பாதி உடம்பை நீட்டி,
நம்ம ஆளுய்யா, என்று
ஒருமுறை
கெட்ட வார்த்தையோடு கத்தினால் போதும்.

மேடையில் முதல் லாரி.
மொத்த எடையில் வண்டியைக் கழித்தால்
மிச்சம் குலை.
என்னில் மருந்தைக் கழித்து, வீக்கத்தைக் கழித்து

இருங்கள்,
அடுத்த லாரி ஏறிவிட்டது.